நெட்வொர்க் செக்யூரிட்டி சான்றிதழ் எடுக்கலாமா? பணம் கட்டுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

செக்யூரிட்டி பிளஸ் எடுக்கலாமா, சிசிஎன்ஏ எடுக்கலாமா, இல்லை நேராக ஓஎஸ்சிபிக்கே போய்விடலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது "எந்த வேலைக்கு?" என்பதைத்தான். பலரிடம் அதற்குப் பதில் இருக்காது. செக்யூரிட்டி பக்கம் போகணும், எல்லாரும் ஏதோ ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறார்கள், நானும் ஒன்று எடுத்துவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அந்த வரிசையில் போனவன்தான் நானும்.

செக்யூரிட்டி சான்றிதழ் ஒன்றை நேர்மையாகப் படித்து, முதல் முயற்சியிலேயே தேறி, அதை ரெஸ்யூமேயின் முதல் வரியில் போட்டுக்கொண்டு ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். எதிரில் இருந்தவர் மார்க்கர் பேனாவைக் கையில் கொடுத்து, போர்டில் ஒரு கணினி, ஒரு ரவுட்டர், ஒரு சர்வர் என்று மூன்று கட்டம் போட்டார். "கணினியும் சர்வரும் வேறு வேறு சப்நெட் (நெட்வொர்க்கின் தனித்தனிப் பிரிவு). கணினியிலிருந்து சர்வருக்கு பிங் அடிக்கிறீர்கள். கணினியை விட்டுக் கிளம்பும் பேக்கெட்டில் டெஸ்டினேஷன் மேக் முகவரி (போய்ச்சேர வேண்டிய நெட்வொர்க் கார்டின் முகவரி) யாருடையது?" நான் சர்வருடையது என்று எழுதினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, "அந்த முகவரி கணினிக்கு எப்படித் தெரிந்தது?" என்று மட்டும் கேட்டார். அங்கே நின்றுவிட்டேன். சரியான விடை ரவுட்டருடைய மேக் முகவரி. கணினி ஏஆர்பி (ஐபி முகவரியைச் சொல்லி அதற்குரிய மேக் முகவரியைக் கேட்கும் முறை) மூலம் தன் கேட்வேயின், அதாவது வெளியே போகும் வாசலான ரவுட்டரின், முகவரியைத்தான் கேட்டு வாங்கும், அடுத்த சப்நெட்டில் இருக்கும் சர்வரின் மேக் முகவரி அதற்குத் தெரியவே போவதில்லை. என்கிரிப்ஷன் வகைகளும் தாக்குதல் பெயர்களும் எனக்கு மனப்பாடம், ஆனால் ஒரு பேக்கெட் எப்படி நகர்கிறது என்று தெரியாது. தேர்வு பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அதனால் கீழே சொல்வதை வரிசையாகச் செய்யுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆகாது. இதில் எதற்கும் பணம் தேவையில்லை.

முதல் படி: இருபது வேலை விளம்பரங்களைச் சேகரியுங்கள்

நீங்கள் வேலை செய்ய நினைக்கும் இடத்தில், உங்கள் அனுபவ அளவுக்கு வந்திருக்கும் விளம்பரங்களாக இருபது எடுங்கள். ஒரு ஷீட்டில் போடுங்கள். வேலையின் பெயர், கேட்கும் அனுபவம், எந்தச் சான்றிதழ், அது கட்டாயமா அல்லது இருந்தால் நல்லது என்று போட்டிருக்கிறார்களா, எந்தெந்தக் கருவிகளின் பெயர் வருகிறது என்று ஐந்து நெடுவரிசைகள் போதும்.

இதைச் செய்யும்போதே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், ஏனென்றால் "செக்யூரிட்டி வேலை" என்று ஒரு வேலை கிடையாது என்பது கண் முன்னால் தெரியும். சாக் (பாதுகாப்புக் கண்காணிப்பு மையம்) அனலிஸ்ட் என்றால் நாள் முழுக்க அலெர்ட்டுகளையும் லாகுகளையும் (கணினிகள் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவுகள்) பார்த்து எது உண்மையான ஆபத்து, எது வெறும் சத்தம் என்று பிரிக்கிற வேலை, அதில் இரவு ஷிஃப்டும் வரும். நெட்வொர்க் செக்யூரிட்டி இன்ஜினியர் என்றால் ஃபயர்வால் (எந்தப் போக்குவரத்தை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பார்க்கும் கருவி), விபிஎன், ரூல் மாற்றக் கோரிக்கைகள், நள்ளிரவில் ஏதாவது நின்றுபோனால் "ஃபயர்வால்தான் தடுக்கிறது" என்று எல்லாரும் விரல் நீட்டும்போது இல்லை என்று நிரூபிக்கிற வேலை. பென்டெஸ்டர் (அனுமதியோடு அமைப்புகளைத் தாக்கிச் சோதிப்பவர்) என்றால் உடைத்துப் பார்க்கும் நேரத்துக்குச் சமமாக அறிக்கை எழுதும் நேரமும் உண்டு. ஆடிட், கம்ப்ளையன்ஸ் பக்கம் போனால் பேக்கெட்டைவிட ஆவணங்களோடுதான் அதிகம் பழக வேண்டும். நான்குக்கும் பொருந்துகிற ஒரே சான்றிதழ் என்று எதுவும் இல்லை.

ஒரு விஷயம். புதியவர்களுக்கான விளம்பரத்திலேயே சிஐஎஸ்எஸ்பி வேண்டும் என்று போட்டிருந்தால் பயப்படாதீர்கள். ஐஎஸ்சி2 அமைப்பு தரும் அந்தச் சான்றிதழுக்குத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. எட்டுப் பாடப்பிரிவுகளில் குறைந்தது இரண்டில், மொத்தம் ஐந்து வருடச் சம்பள அனுபவம் காட்ட வேண்டும், தகுந்த பட்டமோ ஒப்புக்கொண்ட வேறு சான்றிதழோ இருந்தால் ஒரு வருடம் கழித்துக்கொள்வார்கள். ஆக, அந்த விளம்பரம் எழுதியவர் வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார். விண்ணப்பித்துப் பாருங்கள்.

ஷீட் முடிந்ததும் எண்ணுங்கள். இருபதில் ஒரே சான்றிதழ் எட்டு, பத்து இடங்களில் வந்தால் அதற்கு மதிப்பு இருக்கிறது. ஒன்றிரண்டில்தான் வருகிறது, ஆனால் லினக்ஸ், பைத்தான், ஃபயர்வால் கம்பெனிப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்றால் உங்கள் மாதங்கள் அங்கே போக வேண்டும்.

இரண்டாம் படி: அந்தக் காகிதம் யாருக்காக என்று புரிந்துகொள்ளுங்கள்

சான்றிதழ் பெரும்பாலும் உங்களை நேர்முகத் தேர்வு அறை வரைக்கும் கொண்டுபோய் விடும். எச்ஆர் கையில் நூற்றுக்கணக்கான ரெஸ்யூமேக்கள் இருக்கின்றன, அவருக்கு ஏஆர்பி தெரியாது, சான்றிதழின் பெயரைத் தேடித்தான் சலிப்பார். அந்தச் சல்லடையைத் தாண்டுவதற்கு அது உதவும். உள்ளே போன பிறகு அதைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, புதியவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. சில இடங்களில் சான்றிதழ் ஒப்பந்தக் கட்டாயம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2005இல் 8570 என்ற விதிமுறையைக் கொண்டுவந்து, தன் கணினி அமைப்புகளின் பாதுகாப்பு வேலையைச் செய்கிறவர்கள் பட்டியலில் உள்ள சான்றிதழ் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்றது. செக்யூரிட்டி பிளஸுக்கு இவ்வளவு பெயர் வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது அதன் இடத்தில் 8140 இருக்கிறது. அதேபோல, சிஸ்கோ, ஃபோர்ட்டிநெட் போன்ற நிறுவனங்களின் பார்ட்னராக இருந்து அவர்களுடைய பொருளை விற்று நிறுவித் தருகிற கம்பெனிகள், பார்ட்னர் தகுதியைத் தக்கவைக்கச் சான்றிதழ் பெற்ற ஆட்களை இத்தனை பேர் என்று கணக்குக் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் உங்கள் சிசிஎன்பி (சிசிஎன்ஏவுக்கு அடுத்த கட்ட சிஸ்கோ சான்றிதழ்) அவர்களுக்கு நேரடி லாபம், சம்பளம் பேசும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு வகையிலும் சேராத ஒரு சின்ன நிறுவனம் என்றால், செய்த வேலையைக் காட்டுகிறவருக்கே முதலிடம் கிடைக்கும்.

மூன்றாம் படி: அடித்தளம் இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் யாரும் செய்வதில்லை, எனக்கு இருக்கும் ஆதங்கமும் இதில்தான். செக்யூரிட்டி என்பது நெட்வொர்க்கின் மேல் கட்டிய மாடி. கீழ்த்தளம் இல்லாமல் மாடிக்குப் பரீட்சை எழுதித் தேறவும் முடியும் என்பதுதான் பிரச்சினையே. கீழே உள்ள நான்கையும் புத்தகம் பார்க்காமல் செய்து பாருங்கள்.

ஒன்று. 192.168.10.64/26 என்று கொடுத்தால் எத்தனை கணினிகளுக்கு முகவரி தரலாம், முதல் முகவரி எது, கடைசி எது, பிராட்காஸ்ட் எது? விடை 62 கணினிகள், 65இல் தொடங்கி 126 வரை, பிராட்காஸ்ட் 127. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் இன்னும் பழக வேண்டும்.

இரண்டு. வயர்ஷார்க்கை (நெட்வொர்க்கில் போகும் பேக்கெட்டுகளைக் காட்டும் மென்பொருள்) நிறுவி, நீங்களே ஒரு வலைத்தளத்துக்குப் போய், அந்த இணைப்பின் முதல் பேக்கெட்டுகளைக் கண்டுபிடியுங்கள். முதலில் தளத்தின் ஐபி முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வியும் பதிலும், பிறகு டிசிபி இணைப்பைத் தொடங்கும் சின், சின்-ஆக், ஆக் என்று மூன்று பேக்கெட், அதற்கடுத்து என்கிரிப்ஷன் பேச்சைத் தொடங்கும் கிளையண்ட் ஹலோ. அந்த கிளையண்ட் ஹலோவைத் திறந்து உள்ளே போனால் நீங்கள் போகிற சர்வரின் பெயர் பெரும்பாலும் அப்படியே எழுத்தில் தெரியும். பூட்டுப் படம் போட்ட இணைப்பு என்றாலும் எங்கே போகிறீர்கள் என்பது வழியில் இருப்பவருக்குத் தெரிகிறது என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, உங்கள் திரையில் பார்ப்பது வேறு. இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. இன்றைய பிரவுசர்கள் பல தளங்களுக்கு க்விக் என்ற முறையில் யுடிபி 443 வழியாகப் போய்விடும், நீங்கள் டிசிபியில் தேடிக்கொண்டே இருப்பீர்கள், சின் பேக்கெட் கிடைக்காது. அப்போது பிரவுசரை மூடிவிட்டு, கமாண்ட் லைனில் கர்ல் என்ற கருவியை வைத்து அதே தளத்தைக் கூப்பிடுங்கள், மூன்றும் வரிசையாக வரும். க்விக் பற்றி நீங்களாகவே கண்டுபிடித்துவிட்டால், சந்தோஷப்படுங்கள், உங்களுக்கு இந்த வேலை வரும்.

மூன்று. விர்ச்சுவல்பாக்ஸில் (ஒரு கணினிக்குள்ளேயே வேறு கணினிகளை ஓட்டும் மென்பொருள்) இரண்டு லினக்ஸ் இயந்திரங்களை வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றின் 8080 போர்ட்டுக்கு இணைத்துப் பாருங்கள், அங்கே எந்த சர்வீஸும் ஓடக் கூடாது. சின் போன உடனே ரீசெட் திரும்பி வரும், திரையில் இணைப்பு மறுக்கப்பட்டது என்ற செய்தி சட்டென்று வரும். இப்போது இரண்டாவது இயந்திரத்தின் ஃபயர்வாலில் அதே போர்ட்டுக்கு டிராப் ரூல் போட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். பதிலே வராது. சில விநாடி இடைவெளி விட்டு அதே சின் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கும், கடைசியில் டைம்அவுட். முதலாவது, வீட்டுக்கு வந்துவிட்டோம், உள்ளே ஆள் இல்லை. இரண்டாவது, தெருமுனையிலேயே யாரோ தடுத்து நிறுத்திவிட்டார்கள், நமக்குச் சொல்லவும் இல்லை. "அப்ளிகேஷன் வேலை செய்யவில்லை" என்று ஒரு புகார் வரும்போது அது சர்வர் குழுவின் பிரச்சினையா, ஃபயர்வால் குழுவின் பிரச்சினையா என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். என் வேலையில் எந்தச் சான்றிதழைவிடவும் எனக்கு அதிகமாகக் கைகொடுத்தது இதுதான், இன்றைக்கும் நேர்முகத் தேர்வுகளில் நான் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்.

நான்கு. ஒரு ஃபயர்வாலில் மூன்றாவது ரூல், 10.0.0.0/8 முழுவதுக்கும் எல்லா இடத்துக்கும் போக அனுமதி. பன்னிரண்டாவது ரூல், 10.20.5.0/24இலிருந்து சர்வர்களின் 3389 போர்ட்டுக்கு, அதாவது ரிமோட் டெஸ்க்டாப்புக்கு, தடை. தடை வேலை செய்யுமா? பெரும்பாலான ஃபயர்வால்கள் மேலிருந்து கீழே படித்துப் பொருந்துகிற முதல் ரூலோடு நின்றுவிடும், அதனால் பன்னிரண்டாவது ரூலின் ஹிட் கவுண்ட் (எத்தனை முறை பொருந்தியது என்ற எண்ணிக்கை) சுழியமாகவே இருக்கும், ரிமோட் டெஸ்க்டாப் திறந்தே கிடக்கும். ரூல் இருக்கிறது என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான்கில் குறைந்தது மூன்று சரளமாக வந்தால் நான்காம் படிக்குப் போங்கள். வரவில்லையா, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஆனால் செக்யூரிட்டி சான்றிதழை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். நெட்வொர்க் அடிப்படையில் மூன்று மாதம் உட்காருங்கள். சிசிஎன்ஏ பாடத்திட்டம் அதற்குப் போதும், தேர்வு எழுதாவிட்டால்கூடப் பரவாயில்லை. சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் இலவசம், பயிற்சிக்கு ரவுட்டர் வாங்க வேண்டியதில்லை.

நான்காம் படி: உங்கள் ஷீட்டுக்குப் பொருந்தும் சான்றிதழைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை, புதியவர்கள் அதிகம் கேட்பவை மட்டும்.

சிஸ்கோவின் சிசிஎன்ஏ, 200-301 என்ற ஒரே தேர்வு, 120 நிமிடம். 2020 பிப்ரவரியில் பழைய தனித்தனி சிசிஎன்ஏக்கள் பலவற்றை நிறுத்திவிட்டு இந்த ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அதோடு சிசிஎன்ஏ செக்யூரிட்டியும் போய்விட்டது. யாராவது இன்னும் அந்தப் பெயரில் கோர்ஸ் விற்றால் வாங்காதீர்கள். பாடத்திட்டத்தில் செக்யூரிட்டி அடிப்படைக்கு 15 சதவீதம்தான், ஆனால் நெட்வொர்க் செக்யூரிட்டி இன்ஜினியர் ஆக நினைக்கிறவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். அடுத்த கட்டத்துக்கு சிசிஎன்பி செக்யூரிட்டி இருக்கிறது, 350-701 என்ற மையத் தேர்வும் கூடவே விருப்பப் பாடத் தேர்வு ஒன்றும். அதை வேலையில் சேர்ந்து உபகரணங்களைத் தொட்ட பிறகு எடுங்கள்.

காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ் எந்தக் கம்பெனியின் பொருளையும் சாராதது. 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள், 100இல் தொடங்கி 900 வரை போகும் அளவுகோலில் 750 வாங்க வேண்டும். 701 என்று முடியும் பதிப்பு 2023 நவம்பரில் வந்தது, அதற்கு முந்தைய 601ஐ 2024 ஜூலையோடு நிறுத்திவிட்டார்கள், ஆகவே நண்பர் கொடுத்த பழைய புத்தகத்தை வைத்து ஆரம்பிக்கும் முன் அட்டையைப் பாருங்கள். 701இல் அதிக எடை செக்யூரிட்டி ஆபரேஷன்ஸுக்கு, 28 சதவீதம். சாக் வேலைக்குப் போகிறவருக்கு அகலமான அறிமுகம் கிடைக்கும். அகலம் இருக்கும், ஆழம் இருக்காது, அதைத் தெரிந்துகொண்டு எடுத்தால் நல்ல தேர்வு.

இதற்கும் கீழே, தொடக்கநிலைக்காக ஐஎஸ்சி2 2022இல் கொண்டுவந்த சிசி என்ற சான்றிதழ் இருக்கிறது. இந்தத் துறை பிடிக்குமா என்று தொட்டுப் பார்க்க நல்லது, அதை மட்டும் வைத்து வேலை கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

ஓஎஸ்சிபி வேறு ரகம். 23 மணி 45 நிமிடம் கண்காணிப்பில் உட்கார்ந்து இயந்திரங்களை உடைக்க வேண்டும், அதற்கப்புறம் 24 மணி நேரத்துக்குள் அறிக்கை எழுதித் தர வேண்டும், 100க்கு 70 எடுத்தால் தேர்ச்சி. கொள்குறிக் கேள்வி ஒன்றுகூடக் கிடையாது. பென்டெஸ்டிங் வேலைக்கு இதற்கு நல்ல மரியாதை உண்டு, ஆனால் முதல் சான்றிதழாக இதில் குதித்து, ஆறு மாதம் கழித்து மனம் உடைந்து துறையையே விட்டுப் போனவர்கள் உண்டு. சிஇஎச் (சர்டிஃபைட் எத்திக்கல் ஹேக்கர்) சான்றிதழின் முதன்மைத் தேர்வு 4 மணி நேரத்தில் 125 கொள்குறிக் கேள்விகள். உங்கள் ஷீட்டில் அது பல தடவை வந்திருந்தால் மட்டும் யோசியுங்கள், பெயரில் ஹேக்கர் இருக்கிறது என்பதற்காக வேண்டாம். ஜியாக் என்ற அமைப்பின் தேர்வுகள் தரமானவை, அச்சிட்ட குறிப்புகளைத் தேர்வறைக்குள் கொண்டுபோகலாம், ஆனால் கட்டணம் மிக அதிகம். கம்பெனி கட்டினால் எடுங்கள்.

ஐந்தாம் படி: முழுச் செலவையும் எழுதுங்கள்

தேர்வுக் கட்டணம் என்பது கண்ணுக்குத் தெரிகிற பகுதி. தோற்றால் மறுபடி முழுக் கட்டணம், மாதிரித் தேர்வுகள், லேப், தேவைப்பட்டால் கோர்ஸ் எல்லாவற்றையும் சேருங்கள். அப்புறம் நேரம். வார நாளில் தினம் ஒரு மணி, சனி ஞாயிறில் மூன்று மணி என்று உட்கார முடிந்தால் வாரத்துக்கு 11 மணி, 12 வாரத்துக்கு 132 மணி நேரம். குழந்தைகள், ஷிஃப்ட், வீட்டுப் பொறுப்பு எல்லாம் இருக்கிறவருக்கு இதில் பாதிதான் கிடைக்கும், அப்படியானால் தேதியை இரண்டு மடங்கு தள்ளிப் போடுங்கள், உங்கள் தூக்கத்திலிருந்து எடுக்காதீர்கள்.

புதுப்பித்தலை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சிசிஎன்ஏவும் செக்யூரிட்டி பிளஸும் மூன்று வருடத்தில் காலாவதியாகும். அதற்குள் சிசிஎன்ஏவுக்கு 30 தொடர்கல்விப் புள்ளிகள் அல்லது மறுபடி ஒரு தேர்வு, செக்யூரிட்டி பிளஸுக்கு 50 புள்ளிகளும் ஆண்டுக் கட்டணமும். சிஐஎஸ்எஸ்பிக்கு மூன்று வருடத்தில் 120. பழைய ஓஎஸ்சிபி ஆயுளுக்கும் செல்லும், 2024 நவம்பரிலிருந்து கூடவே தருகிற ஓஎஸ்சிபி பிளஸுக்கு மூன்று வருடம்தான். நான்கைந்து சான்றிதழ்களை அடுக்கி வைத்தால் வருடா வருடம் அவற்றுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வேலையில் இருக்கிறீர்களா? மேனேஜரிடம் கேளுங்கள். செலவைத் திருப்பித் தரும் நிறுவனங்கள் நிறைய உண்டு, வாய் திறந்து கேட்காததால் கைக்காசு போட்டவர்களும் நிறைய உண்டு. ஆனால் வாங்கிய பின் இத்தனை மாதம் வேலையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று நிபந்தனை இருக்கலாம், கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

ஆறாம் படி: இரண்டு வாரம் ஒத்திகை

தேர்வின் பாடத்திட்ட ஆவணத்தை அந்தந்த அமைப்பின் தளத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அச்சிட்டு, ஒவ்வொரு வரிக்கும் மூன்று நிறத்தில் ஒன்றைப் போடுங்கள். இன்னொருவருக்குச் சொல்லித்தர முடியும் என்றால் பச்சை, கேள்விப்பட்டிருக்கிறேன் என்றால் மஞ்சள், தெரியாது என்றால் சிவப்பு. பச்சையே நிறைந்திருந்தால் உங்களுக்குப் படிக்க அதிகம் இல்லை, காகிதம் மட்டும்தான் பாக்கி, சீக்கிரம் எழுதி முடித்துவிடுங்கள். சிவப்பே நிறைந்திருந்தால் ஒரு கட்டம் கீழே போங்கள். மஞ்சள் அதிகமாக இருப்பவர்களுக்குத்தான் சான்றிதழ் படிப்பு உண்மையிலேயே பயன் தரும், அரைகுறையாகத் தெரிந்ததை ஒழுங்குபடுத்தித் தரும்.

பிறகு சிவப்பிலிருந்து ஒரே ஒரு தலைப்பை எடுத்து இரண்டு வாரம் அதோடு இருங்கள், கையால் செய்து. விபிஎன் என்று வைத்துக்கொள்வோம். ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, இரண்டு விர்ச்சுவல் இயந்திரங்களில் போட்டு நடுவில் ஐபிசெக் என்ற வகை விபிஎன் சுரங்கம் கட்டுங்கள். முதல் தடவை வராது. ஒரு பக்கத்தில் என்கிரிப்ஷன் அமைப்பு ஒன்றும் மறுபக்கத்தில் வேறொன்றும் போட்டிருப்பீர்கள், லாகில் ஒத்துப்போகவில்லை என்று ஒரு வரி இருக்கும், அதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போகும். அந்த ராத்திரியில் உங்களுக்கு எரிச்சல் வந்ததா, அல்லது மணி பார்க்கவே மறந்துவிட்டதா என்று கவனியுங்கள். எந்தத் தேர்வும் உங்களைக் கேட்காத கேள்வி இது, வேலை தினமும் கேட்கும்.

ஏழாம் படி: டம்ப்ஸ் பக்கம் போகாதீர்கள்

தேர்வுக் கேள்விகளை அப்படியே விடையோடு விற்கிறார்கள், எல்லாருக்கும் தெரியும். தேர்வுக்கு முன் நீங்கள் ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்திலேயே இது விதிமீறல், பிடிபட்டால் சான்றிதழை ரத்து செய்து, மறுபடி எழுதத் தடையும் போடலாம். எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் வேறு. ஒருமுறை நல்ல மதிப்பெண்ணோடு வந்த ஒரு இளைஞரிடம் மேலே சொன்ன ரீசெட், டிராப் கேள்வியைக் கேட்டேன். நீண்ட நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "சார், இது ஆப்ஷன்ல வரும்போது தெரியும்" என்றார். பையன் புத்திசாலி, பேசிப் பார்த்தாலே தெரிந்தது. யாரோ ஒரு பயிற்சிக்காரர் சுலப வழி என்று சொல்லி அவருடைய அரை வருடத்தைத் தின்றிருக்கிறார். "வேலை நிச்சயம்" என்று சொல்லிப் பணம் கேட்கிற எந்தக் கோர்ஸிலும், முன்பு படித்தவர்கள் இரண்டு பேரிடம் நீங்களே தேடிப்பிடித்துப் பேசாமல் சேராதீர்கள்.

எட்டாம் படி: முடிவு எடுங்கள், தேதி போடுங்கள்

இப்போது உங்களிடம் ஷீட் இருக்கிறது, அடித்தளச் சோதனையின் முடிவு இருக்கிறது, செலவுக் கணக்கு இருக்கிறது, இரண்டு வார அனுபவம் இருக்கிறது.

விளம்பரங்களில் அடிக்கடி வருகிறது, அடித்தளம் சரியாக இருக்கிறது, செலவு தாங்கும் என்றால் எடுங்கள், தயங்காதீர்கள். வேறு துறையிலிருந்து வருகிறவர், இந்தத் துறையில் ஒரு நாள்கூட வேலை செய்யாதவர் என்றால் சான்றிதழின் எடை இன்னும் கூடும், உங்களிடம் காட்ட வேறு எதுவும் இல்லாததால். ஏற்கெனவே நான்கைந்து வருடம் ஃபயர்வாலோடு வாழ்கிறவர் தொடக்கநிலைச் சான்றிதழ் எடுப்பதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, நேராக சிசிஎன்பி செக்யூரிட்டியோ சிஐஎஸ்எஸ்பியோ பாருங்கள். கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால், வேண்டாம். அந்த மூன்று மாதத்தில் வீட்டுக் கணினியில் ஒரு லேபைக் கட்டுங்கள். ஒரு ஃபயர்வால், சூரிகாட்டா (தாக்குதல் அறிகுறியைக் கண்டால் அலெர்ட் தரும் மென்பொருள்), லாகுகளைச் சேர்க்கும் ஒரு சர்வர். உங்கள் லேபுக்குள்ளேயே எண்மேப் என்ற கருவியால், எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று ஒரு ஸ்கேன் அடித்து, அது லாகில் எப்படித் தெரிந்தது, எந்த அலெர்ட் வந்தது, எது வராமல் போனது என்று இரண்டு பக்கம் எழுதி ரெஸ்யூமேயோடு இணையுங்கள். அந்த இரண்டு பக்கத்தை நான் முழுக்கப் படிப்பேன்.

எழுதுவது என்று முடிவானால் தேதியை முதலில் பதிவு செய்யாதீர்கள். வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த மாதிரித் தேர்வுகளில், முன்பு பார்க்காத கேள்விகளில், தொடர்ந்து மூன்று முறை 85 சதவீதம் வந்த பிறகு, அடுத்த பத்து நாளுக்குள் ஒரு தேதி போடுங்கள், அதற்கு மேல் தள்ளினால் படித்தது ஆறிவிடும். தேர்வறையில் இரண்டு விஷயம். செக்யூரிட்டி பிளஸில் செய்து காட்டச் சொல்லும் கேள்விகள் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே வரும், அவற்றைக் குறித்து வைத்துவிட்டு மற்றவற்றை முடித்து அப்புறம் திரும்பி வரலாம். சிசிஎன்ஏவில் அப்படிச் செய்ய முடியாது, அடுத்த கேள்விக்குப் போய்விட்டால் போனதுதான். சப்நெட் கணக்கை வேகமாகப் போடப் பழகச் சொன்னது இதற்காகவும்தான்.